ஆலயம் வீடானதென்று அழுகிறவர்களுக்கு

கர்த்தருக்குள் மிகவும் பிரியமானவர்களே,



சென்ற வாரம் நமது சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வலம் வந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேல்நாட்டில் எங்கோ உள்ள ஒரு பழைய கல் ஆலயம். வளைவுச் சன்னல்களில் திரைச்சீலைகள். பிரசங்க பீடம் இருந்திருக்கவேண்டிய இடத்தில் சாய்வு நாற்காலிகளும் தொலைக்காட்சிப் பெட்டியும். படத்தின் கீழே, தேவனை மறந்த தேசத்தின் கதி இதுவே, நம் நாட்டு விசுவாசிகள் பாக்கியவான்கள் என்ற பொருளில் நான்கு வரிகள். பலர் கண்ணீர்ச் சின்னம் இட்டிருந்தீர்கள். சிலர் ஸ்தோத்திரம் சொல்லியிருந்தீர்கள். ஒருவர், ஞாயிறு பிரசங்கத்தில் இதை எடுத்துச் சொல்லும்படி என்னையும் கேட்டிருந்தார்.

அதை நான் சொல்லப்போவதில்லை. ஏன் சொல்லப்போவதில்லை என்பதே இந்த வாரத் தியானம். முதலில் ஒன்றை அறிக்கையிடவேண்டும்: இப்படிப்பட்ட படங்களை நானும் பல ஆண்டுகளுக்கு முன் எழுப்புதல் கூட்டங்களில் உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். சபையார் உச்சுக்கொட்டினார்கள். நானும் திருப்தியோடு வீடு திரும்பினேன். அந்தத் திருப்தியே பாவம் என்பது பிற்பாடுதான் புரிந்தது. ஆகையால் இன்று நான் உங்களோடு வழக்காடுவது, முன்னிருந்த என்னோடும் வழக்காடுவதே.

எங்கோ ஒரு ஆலயம் என்று பொதுவாகப் பேசினால் யாரையும் எளிதில் நியாயந்தீர்த்துவிடலாம். ஆகவே பெயரும் ஊரும் உள்ள ஒரு ஆலயத்தின் கதையைப் பார்ப்போம்.

வேல்ஸ் தேசத்தின் வடமேற்கில், மலைகளுக்கு நடுவே, பெதஸ்தா என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆம், யோவான் 5ஆம் அதிகாரத்தின் பெதஸ்தாவேதான். ஊருக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு சிற்றாலயத்தால். 1820களின் தொடக்கத்தில் வேல்ஷ் சுயாதீன சபையார், அதாவது அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே நின்று, தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொண்ட விசுவாசிகள், அங்கே ஒரு ஆலயம் கட்டி அதற்குப் பெதஸ்தா என்று பெயரிட்டார்கள். ஆலயத்தைச் சுற்றி வீடுகள் பெருகின. வீடுகள் ஊராயின. ஊர் ஆலயத்தின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. இது வேல்ஸில் அபூர்வமும் அல்ல. பெத்லகேம், நாசரேத், எப்ரோன், கர்மேல், நேபோ என்றெல்லாம் அங்கே ஊர்கள் உண்டு. நமது தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தை அறிந்த உங்களுக்கு இது வியப்பாயிராது. ஜனங்கள் தங்கள் வேதத்தை வாசித்து, தாங்கள் வாழும் மண்ணுக்கே அதிலிருந்து பெயர் எடுத்தார்கள்.

அந்தப் பெதஸ்தா ஆலயம் இன்று குடியிருப்பு. அடுக்கு வீடுகளாகப் பிரிக்கப்பட்டு, குடும்பங்கள் அதில் வாழ்கின்றன. பெயரும் மாறிவிட்டது. இப்போது அதற்கு அராவா டோன் என்று பெயர். அலையைத் தணியச் சொல்லும் வேல்ஷ் சொற்கள் அவை. ஊர் மட்டும் இன்னும் பெதஸ்தா. ஊருக்குப் பெயர் கொடுத்த ஆலயம் தன் பெயரை இழந்தது. பெயரை வாங்கிய ஊர் அதை வைத்துக்கொண்டிருக்கிறது.

பார்த்தீர்களா, நாங்கள் சொன்னதும் இதுதானே என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். கதையை முடிவிலிருந்து வாசிக்கிறவனுக்கு முடிவு மட்டுமே தெரியும். தொடக்கத்திலிருந்து வாசிப்போம்.

அந்தச் சுயாதீன சபையார் தங்கள் ஆலயத்தை ஆரம்பத்தில் ஆலயம் என்றே அழைக்கவில்லை. அவர்களுடைய பழைய சொல் ‘ட்டீ கூர்த்’. கூடும் வீடு என்பது அதன் பொருள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பாடு உண்டு. 1662இல் இங்கிலாந்து அரசு, தன் ஜெபப்புத்தக ஒழுங்குக்கு உட்படாத போதகர்களைப் பிரசங்க பீடங்களிலிருந்து வெளியேற்றியது. அதன்பின் 1689இல் சகிப்புச் சட்டம் வரும்வரையில், அவர்களும் அவர்களைப் பின்பற்றினவர்களும் பண்ணை வீடுகளிலும் களஞ்சியங்களிலும் மறைவாகக் கூடினார்கள். அபராதமும் சிறையும் அவர்களுக்குப் பங்காயிருந்தன. சுதந்தரம் கிடைத்தபோது பல இடங்களில் அவர்கள் செய்தது என்ன? கூடிவந்த வீட்டையோ தொழுவத்தையோ கூடும் இடமாகத் திருத்தி அமைத்துக்கொண்டார்கள். போவிஸ் பகுதியில் மேசிரொன்னென் என்னும் சிற்றாலயம், 1690களில் ஒரு பண்ணை வீட்டோடு சேர்ந்திருந்த கட்டடத்தை மாற்றி உண்டானது. வேல்ஸின் மிகப் பழைய சிற்றாலயங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

ஆகவே ஆலயம் வீடானது என்று அழுகிறவர்களே, அதற்கு முன்பே வீடு ஆலயமானது என்பதை மறந்துபோகாதிருங்கள். இது வேல்ஸோடு தொடங்கின கதையும் அல்ல. எருசலேமில் மாற்கு எனப்பட்ட யோவானின் தாயாகிய மரியாளின் வீட்டில் அநேகர் கூடி ஜெபித்தார்கள் (அப்போஸ்தலர் 12:12). பிரிஸ்கில்லா ஆக்கில்லா என்பவர்களின் வீட்டில் சபை இருந்தது (ரோமர் 16:5). பிலேமோனின் வீட்டிலும் சபை இருந்தது. 1930களின் தொடக்கத்தில் ஐபிராத்து நதிக்கரையில், சிரியாவின் துரா யூரோப்போஸ் என்னும் அழிந்த பட்டணத்தைத் தோண்டியவர்கள் ஒரு வீட்டைக் கண்டார்கள். கி.பி. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிறிஸ்தவர்கள் அந்தச் சாதாரணக் குடியிருப்பின் நடுச்சுவரை எடுத்து இரண்டு அறைகளை ஒன்றாக்கி, கூடும் இடமாக்கியிருந்தார்கள். ஒரு சிறு அறையை ஞானஸ்நான அறையாக்கியிருந்தார்கள். அந்த அறையின் சுவரில் இன்றும் அடையாளம் காணக்கூடிய ஓவியங்களுள் ஒன்று எது தெரியுமா? குணமாக்கப்பட்ட திமிர்வாதக்காரன் தன் படுக்கையைச் சுமந்துகொண்டு நடக்கும் காட்சி. அவனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவனைப் போன்ற இன்னொருவனிடம் திரும்ப வருவோம்.

பெதஸ்தா ஊருக்கு வருவோம். அந்த ஊரார் பெரும்பாலும் பென்ரின் கற்சுரங்கத்தின் தொழிலாளர். மலையைப் படிப்படியாக வெட்டி, கூரை வேய்வதற்கான பலகைக் கல்லைப் பிளந்தெடுப்பது அவர்கள் தொழில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த வகையில் உலகிலேயே பெரிய சுரங்கம் அதுவே. ஏறக்குறைய 3,000 பேர் அதில் உழைத்தார்கள். சுரங்கம் பென்ரின் பிரபு குடும்பத்துக்குச் சொந்தம். அந்தச் சுரங்கத்தைப் பெரிதாக வளர்த்தெடுத்த முதல் பென்ரின் பிரபு ரிச்சர்ட் பென்னன்ட், ஜமைக்காவில் அடிமைகளைக் கொண்டு கரும்புத் தோட்டங்கள் நடத்தினவர். அடிமை வியாபாரத்தை ஒழிக்கக்கூடாதென்று பாராளுமன்றத்தில் பேசினவர். அடிமைகளின் வியர்வையில் வந்த பணம் அந்த மலையைத் திறக்க உதவிற்று.

ஆனால் சிற்றாலயம் தொழிலாளருடையது. பிரபுவும் அவருடைய அதிகாரிகளும் அரசாங்கத் திருச்சபையின் பக்கம். கல்லுடைக்கிறவர்களோ தங்கள் காசுகளைச் சேர்த்துத் தங்கள் ஆலயங்களைக் கட்டினார்கள். ஞாயிறு பள்ளி அங்கே பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. பாட்டனும் பேரனும் ஒரே கூரையின் கீழ் தங்கள் தாய்மொழியில் வேதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். கூட்டம் நடத்தவும், கணக்கு எழுதவும், பயமின்றி எழுந்து பேசவும் அங்கேதான் பழகினார்கள். 1874இல் சுரங்கத் தொழிலாளர் சங்கம் எழும்பியபோது, அதன் தலைவர்களுக்கு அந்தப் பழக்கம் கைகொடுத்தது.

1900 நவம்பர் 22ஆம் தேதி, சங்க உரிமையின் பொருட்டு சுமார் 2,800 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். மூன்று ஆண்டுகள் அந்தப் போராட்டம் நீண்டது. பாடகர் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று பாடி, பட்டினியாயிருந்த குடும்பங்களுக்குப் பணம் சேர்த்தன. அநேகர் தெற்கே நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போனார்கள். 1901 ஜூனில் பிரபு சுரங்கத்தை மறுபடியும் திறந்தார். சில நூறு பேர் வேலைக்குத் திரும்பினார்கள். திரும்பினவர்களுக்கு ஆளுக்கொரு பொற்காசு வெகுமதி. அப்பொழுது ஊரில் நின்றவர்கள் தங்கள் வீட்டுச் சன்னல்களில் அச்சிட்ட அட்டை ஒன்றை வைத்தார்கள்: “இந்த வீட்டில் துரோகி இல்லை.”

அன்பானவர்களே, அந்த அட்டையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அதை வைத்தவர்களின் காரணம் நியாயமானது. நான் அந்தத் தொழிலாளரின் பக்கமே நிற்பேன். ஆனாலும் அட்டை வைக்கப்படாத வீடு ஒன்றை யோசியுங்கள். பிள்ளைகளின் பசி பொறுக்கமாட்டாமல் வேலைக்குத் திரும்பின தகப்பன் ஒருவனின் வீடு. அவனும் அதே கூடும் வீட்டில் ஞானஸ்நானம் பெற்றவன். ஞாயிறு காலையில் அவன் எங்கே போய் உட்காருவான்? அவன் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரமாட்டார்கள். திரும்பினவர்கள் சிற்றாலயங்களை விட்டுப் போனார்கள். சகோதரன் சகோதரனோடு பேசாமல் மரித்தான். 1903 நவம்பரில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. பிளவோ முடியவில்லை. தலைமுறைகளாக அந்த ஊரில் இன்னார் வீட்டார் நின்றவர்கள், இன்னார் வீட்டார் திரும்பினவர்கள் என்ற கணக்கு மறக்கப்படவில்லை.

பிரபுவின் பேராசை அந்தக் காயத்தை உண்டாக்கியது. ஆனால் காயத்தைக் கட்டவேண்டிய இடம் எது? இரக்கத்தின் வீடு என்று வழக்கமாகப் பொருள் சொல்லப்படும் பெயரைத் தன் நெற்றியில் எழுதிக்கொண்ட இடம் அல்லவா?

ஆலயங்கள் வெறுமையானதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நான் சொல்லவரவில்லை. கூரைக்கல்லுக்குக் கிராக்கி குறைந்தது. வேலை தேடி ஊர் கலைந்தது. இரண்டு உலக யுத்தங்கள் வாலிபரை விழுங்கின. வெளிப்படையாகப் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. வேல்ஸில் கட்டப்பட்ட சிற்றாலயங்கள் 6,000க்கும் மேற்பட்டவை. ஒவ்வொரு சபைப் பிரிவும் மற்றப் பிரிவுக்கு எதிரே, அதைவிட ஒரு முழம் உயரமாகக் கட்ட விரும்பியது. கடன் வாங்கிக் கட்டினார்கள். கடனை அடைக்கக் கூட்டங்கள் நடத்தினார்கள். 1904-05இன் பெரிய எழுப்புதல் தேசத்தையே அசைத்தது. ஆயினும் அந்த நெருப்பு தணிந்தபின், ஜனத்தொகையைவிட இருக்கைகள் மிஞ்சின தெருக்கள் பல ஊர்களில் இருந்தன.

மொழி போனது, அதனால் விசுவாசமும் போனது என்று சிலர் எளிதாகச் சொல்லுவார்கள். பெதஸ்தாவில் அதுவும் பொருந்தாது. இன்றும் அந்த ஊராரில் பெரும்பாலோர் வேல்ஷ் மொழி பேசுகிறவர்கள். பாட்டன் ஜெபித்த மொழி பேரனின் நாவில் இருக்கிறது. ஜெபம் அதில் இல்லை.

இப்பொழுது உங்கள் படத்துக்கு வருகிறேன். அந்தப் படம் மூன்று பொய்களைச் சொல்லுகிறது.

முதலாவது பொய், கட்டடம் மாறினபோதுதான் சபை விழுந்தது என்பது. ஒரு ஆலயம் விற்பனைக்கு வரும் நாளில் சபை மரிப்பதில்லை. அது வெகு நாட்களுக்கு முன்பே மரித்திருக்கும். விற்பனைப் பத்திரம் மரணச் சான்றிதழ் மாத்திரமே. சகோதரனுக்கு அருகில் உட்கார மாட்டேன் என்று ஒருவன் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை உண்டே, அதைப் படம் பிடித்து அனுப்புங்கள், நான் அழுவேன்.

இரண்டாவது பொய், தேவன் அந்தக் கற்களுக்குள் குடியிருந்தார், இப்போது அவரை வெளியேற்றிவிட்டார்கள் என்பது. வானங்களும் வானாதி வானங்களும் தேவனைக் கொள்ளாதிருக்க, தான் கட்டின ஆலயம் எம்மாத்திரம் என்று சாலொமோன் பிரதிஷ்டை நாளிலேயே அறிக்கையிட்டான் (1 இராஜாக்கள் 8:27). ஸ்தேவான் அதையே சொன்னதினிமித்தம் கல்லெறியுண்டான். சமாரியா ஸ்திரீயிடம் நம் ஆண்டவர், இந்த மலையா எருசலேமா என்ற வழக்கையே முடித்துவைத்தார். நமது தமிழும் இதை நன்றாய்ப் பிரித்துக் காட்டுகிறது. ஆலயம் என்பது கட்டடம். சபை என்பது கூடின ஜனம். கோயில் என்ற சொல்லுக்குள்ளும், ஜெபவீடு என்ற வேத வார்த்தைக்குள்ளும் இல்லமும் வீடும் இருக்கின்றன. தகப்பன் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்டு உறங்கும் ஒரு வீடு, தேவனுக்கு அருவருப்பான இடம் என்று உங்களுக்கு யார் சொன்னது? பழைய பெதஸ்தாவில் இன்று ஒரு தாய் தன் குழந்தையைத் தாலாட்டினால், அதைக் கேட்டுக் கர்த்தர் முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ?

இதற்கு ஒரு நியாயமான மறுமொழி உண்டென்பதை அறிவேன். ‘ஐயா, அந்த இடத்தில்தான் என் தாய்க்கு விவாகம் நடந்தது, என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தீர்கள், என் தகப்பனாரின் பெட்டியை அங்கே வைத்துத்தான் ஜெபித்தீர்கள். அது வெறும் கல்லா?’ இல்லை, வெறும் கல் அல்ல. யாக்கோபும் தான் படுத்த கல்லை நிறுத்தி எண்ணெய் வார்த்தான். ஞாபகம் தங்கின இடத்துக்காகத் துக்கப்படுவது மனுஷத்தன்மை. அதை நான் பரியாசம் பண்ணமாட்டேன். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் உங்கள் தாயின் விவாகமும் இல்லை, உங்கள் தகப்பனாரின் பெட்டியும் இல்லை. அங்கே இருந்தது துக்கம் அல்ல. அயலானின் வீட்டில் சாவு விழுந்ததைக் கேட்டு, நம் வீட்டில் விழவில்லை என்று அடையும் ஆறுதல்.

மூன்றாவது பொய், கட்டடம் நிற்கிறவர்கள் பாக்கியவான்கள் என்பது. அந்த வேல்ஷ் சுயாதீன சபையார் இலண்டன் மிஷனெரி சங்கத்தைத் தாங்கினவர்கள். 1818இல் அவர்களுள் இருவர், டேவிட் ஜோன்ஸும் தாமஸ் பெவனும், மடகாஸ்கர் தீவுக்குப் போனார்கள். சில மாதங்களுக்குள் காய்ச்சலால் பெவனும், இருவருடைய மனைவிமாரும், பிள்ளைகளும் மரித்தார்கள். ஜோன்ஸ் மட்டும் பிழைத்தார். ஆயினும் திரும்பிப் போகவில்லை. 1835இல் மலகாசி மொழியில் முழு வேதாகமம் அச்சாயிற்று. அதே ஆண்டில் ராணி ரணவலோனா தன் ஜனங்களுக்குக் கிறிஸ்தவ மார்க்கத்தைத் தடைசெய்தாள். 1836இல் மிஷனெரிகள் எல்லாரும் தீவை விட்டுப் போகவேண்டியதாயிற்று. 1837இல் ரசாலாமா என்ற பெண் ஈட்டியால் குத்தப்பட்டு இரத்தச் சாட்சியாக மரித்தாள். ஆலயம் இல்லை, போதகர் இல்லை, மணி இல்லை. வேதப் புத்தகங்களை மண்ணில் புதைத்து ஒளித்தார்கள். இரவில் வீடுகளிலும் குகைகளிலும் கூடினார்கள். 1861இல் ராணி மரித்துத் தடை நீங்கினபோது, விசுவாசிகள் குறைந்திருக்கவில்லை, பன்மடங்காய்ப் பெருகியிருந்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கட்டடமின்றி வீடுகளில் வாழ்ந்த சபை பிழைத்தது. அவர்களுக்கு மிஷனெரிகளை அனுப்பின தேசத்தில், கட்டடங்கள் நிறைய இருந்த சபை மெலிந்தது.

அதே இலண்டன் மிஷனெரி சங்கம் 1806இல் ரிங்கல்தௌபே ஐயரைத் திருவிதாங்கூருக்கு அனுப்பியது. மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் நம் முன்னோருக்கு எழுத்தறிவு கொடுத்தது. அந்த ஊழியத்தைத் தாங்கின சபைகளை நோக்கித்தான், அவர்களுடைய காசில் வேதம் வாசிக்கப் பழகின நாம் இன்று விரல் நீட்டுகிறோம். வறியவனான தகப்பனைப் பார்த்துச் சிரிக்கும் மகனுக்கு நம் ஊரில் என்ன பெயரென்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி நம் வீட்டுக் காரியம்.

நமது பழைய தெருவில் உள்ள சிறு ஜெபவீட்டை நீங்கள் அறிவீர்கள். ஓடு வேய்ந்தது. புதன் மாலைக் கூட்டத்துக்கு இப்போது ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். சென்ற கமிட்டிக் கூட்டத்தில், அதை இடித்துவிட்டு வாடகைக் கடைகள் கட்டலாம், வரும் தொகை நமது பெரிய ஆலயத்தின் புதிய மாடிக்கு உதவும் என்று ஒரு யோசனை வைக்கப்பட்டது. அந்த யோசனையை ஆதரித்துப் பேசினவர்களில் சிலர், வேல்ஸ் தேசத்துக்காகக் கண்ணீர்ச் சின்னம் இட்டவர்களில் சிலர். நான் பெயர் சொல்லமாட்டேன். அவரவர் மனசாட்சிக்குத் தெரியும். அங்கே ஆலயம் வீடானால் அது கடைசிக் காலத்தின் அடையாளம்; இங்கே ஜெபவீடு கடையானால் அது நல்ல நிர்வாகம்!

கடை கட்டுவது பாவமென்று நான் சொல்லவில்லை. ஒருவேளை அந்தக் கட்டடத்தின் நாள் முடிந்திருக்கலாம். நான் கேட்பது வேறு. அங்கே கூட்டம் ஏன் குறைந்தது என்று கமிட்டியில் ஒருவராகிலும் கேட்டோமா? விலை மதிப்பீடு கேட்டோம். வரைபடம் கேட்டோம். ஜனங்களைக் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் மனம் உறுத்தி அந்தத் தெருவுக்குப் போனேன். ஜெபவீட்டிலிருந்து நான்காவது வாசலில் பக்கவாதத்தால் படுக்கையிலிருக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். ஒரு காலத்தில் அந்த ஜெபவீட்டைத் திறந்து, கூட்டி, விளக்கேற்றினவர். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. “ஐயா, நீங்க மாற்றலாகிப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்” என்றார். அவர் குறை சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்திருந்தார். போதகர் ஊரில் இருக்கும்போது வராமலிருப்பார் என்று நினைக்க அவருக்கு மனம் வரவில்லை. பதினோரு மாதங்கள் நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. நமது ஆலயத்திலிருந்து அவர் வீடு பத்து நிமிட நடை.

யோவான் 5ஐத் திறவுங்கள். பெதஸ்தா குளத்தருகே ஐந்து மண்டபங்கள். மண்டபங்கள் நிறைந்திருந்தன. இன்றைய கணக்கில் அது வெற்றிகரமான இடம். அங்கே 38 வருஷமாய் வியாதிப்பட்டிருந்த ஒருவன் ஆண்டவரிடம் சொன்ன குறை என்ன? மண்டபம் போதவில்லை என்றா? கூரை ஒழுகுகிறது என்றா? தன்னைத் தூக்கிக் குளத்தில் விட ஒருவரும் இல்லை என்றான். ஐந்து மண்டபங்கள் உண்டு, ஒரு மனுஷன் இல்லை. எல்லாருடைய கண்ணும் தண்ணீர் கலங்குவதின்மேல் இருந்தது; அருகில் கிடந்தவன்மேல் இல்லை. நம் ஆண்டவர் மண்டபத்தைப் பார்க்க வரவில்லை. அவனைப் பார்த்தார். அவனை எழுப்பி, படுக்கையை எடுத்துக்கொண்டு அங்கிருந்து நடந்துபோகச் செய்தார்.

ஆகையால் பிரியமானவர்களே, வேல்ஸில் ஒரு பெதஸ்தா வீடானதைக் குறித்து அழவேண்டாம். இங்கே ஒரு பெதஸ்தா நிறைந்திருக்கும்போதே இரக்கமற்றதாகிவிடுமோ என்று பயப்படுவோம். ஒரு ஆலயம் வீடாக மாறுவதால் தேவனுடைய நாமம் தூஷிக்கப்படாது. அந்த ஆலயத்தின் பிள்ளைகளுடைய வீடுகளில் ஜெபமும் சமாதானமும் அயலானுக்கு ஒரு தட்டு உணவும் இல்லாமற்போவதாலேயே தூஷிக்கப்படுகிறது.

உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். ஜெபவீட்டைக் குறித்த தீர்மானத்தை அடுத்த கமிட்டியில் எடுக்கவேண்டாம். அதற்கு முன் கமிட்டி அங்கத்தினர் ஒவ்வொருவரும் நான்கு புதன்கிழமைகள் அந்த ஓட்டுக்கூரையின் கீழ் உட்காரவேண்டும். அதன்பின் இடிக்கலாம் என்று அவர்கள் சொன்னால் நான் தடை சொல்லமாட்டேன். இரண்டாவது, அந்தத் தெருவில் உள்ள நம் குடும்பங்கள் ஒவ்வொன்றையும் இந்த மாத முடிவுக்குள் சந்திப்போம். பட்டியல் என் மேசைமேல் இருக்கிறது. முதல் பெயருக்கு எதிரே என் கையொப்பம் இட்டிருக்கிறேன். மூன்றாவது, நமக்குள்ளே ஒரே பெஞ்சில் உட்காராதவர்கள் இருக்கிறீர்கள். நிலத்தகராறாலும் தேர்தல் கசப்பாலும் பேச்சு நின்றுபோன வீடுகள் உண்டு. உங்கள் சன்னலில் அட்டை இல்லை; ஆனால் எழுத்து எனக்குத் தெரிகிறது. வருகிற திருவிருந்து ஞாயிற்றுக்கு முன் அதைக் கிழித்துப்போடுங்கள்.

இவற்றையெல்லாம் செய்தபின்பும் நம் ஆலயம் ஒருநாள் யாரோ ஒருவருடைய வீடாகலாம். ஆகட்டும். அதில் குடிவருகிறவர்கள், இங்கே முன்பு கூடினவர்கள் எங்கே என்று தெருவில் விசாரித்தால், எல்லா வீடுகளிலும் இருக்கிறார்கள் என்று அயலார் சொல்லக்கூடிய சபையாக நாம் இருந்தால் போதும்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, அயலானின் வீழ்ச்சியில் ஆறுதல் தேடின எங்களை மன்னியும். நாங்கள் கடந்துபோன வாசல்களை எங்களுக்கு ஞாபகப்படுத்தும். தன்னைத் தூக்க ஒருவருமில்லை என்கிறவனிடத்தில் இன்றே எங்களை அனுப்பும். இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்